தொட்டி, கிணறு, மோட்டார்: 600 கி.மீ. சைக்கிள் ஓட்ட உடம்பு எப்படிப் பழகுகிறது

ஆபீசில் ஒருவர் சனி, ஞாயிறு இரண்டு நாளில் 600 கி.மீ. சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை டீக்கடையில் இரண்டே கருத்துகள்தான் வரும். ஒன்று, "பயங்கர ஸ்டாமினா சார் அவருக்கு." இன்னொன்று, "எல்லாம் மனசுதான். வைராக்கியம் இருந்தா எதுவும் முடியும்." முதல் கருத்து எதையும் விளக்கவில்லை. இரண்டாவதை நம்பி இறங்கியவர்களை இரவு 11 மணிக்கு நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் ஓரத்தில் பார்க்கலாம். வைராக்கியம் அப்படியே இருக்கும், கால்தான் வராது.

கொஞ்சம் உள்ளே போனால் வேறு தொல்லை. சைக்கிள் குழுக்களில் 'ஜோன் 2', 'ஃபேட் பர்ன்', 'லாக்டிக் ஆசிட்', 'கார்ப் லோடிங்' என்று சொற்கள் பறக்கும். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவற்றை யாரிடமோ கேட்டு அப்படியே கடத்துகிறவர்கள். அந்தச் சொற்களுக்குப் பின்னால் உடம்புக்குள் நிஜமாக என்ன நடக்கிறது என்பதை, இப்போது 40, 50 கி.மீ. ஓட்டப் பழகியிருக்கும் ஒருவருக்குச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. எந்த சைக்கிள் வாங்குவது, எந்த டயர் போடுவது என்ற பேச்சு இங்கே இல்லை. அதற்கு ஆலோசனை சொல்ல ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது.

அந்த 40 மணி நேரத்தின் கணக்கு

நீண்ட தூர சைக்கிளில் நம் ஊரில் அதிகம் பேர் நுழையும் வாசல் பிஆர்எம். பிரான்சின் ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன் என்ற அமைப்பின் விதிப்படி உலகம் முழுக்க நடக்கும் சவாரிகள் இவை. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் இதைப் பார்த்துக்கொள்கிறது. 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. ஒரே சீசனில் நான்கையும் முடித்தவர் 'சூப்பர் ராண்டனர்'. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் சவாரிக்குப் போக அந்தத் தகுதி வேண்டும். சுமார் 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். 1891இல் பந்தயமாகத் தொடங்கியது, கடைசியாக 2023இல் நடந்தது, அடுத்தது 2027இல்.

பிஆர்எம் பந்தயம் கிடையாது. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். பின்னால் உதவிக்குக் கார் வரக்கூடாது. சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் உங்கள் பாடு. வழியில் 'கன்ட்ரோல்' எனப்படும் சோதனை இடங்களில் குறித்த நேரத்துக்குள் உங்கள் வருகை பதிவாக வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 600 கி.மீ.யை 40 மணி நேரத்தில் என்றால், நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. சமதளத்தில் மணிக்கு 22 கி.மீ. ஓட்டக்கூடியவர் சீட்டில் இருக்கப்போவது 27 மணி நேரமும் சொச்சமும். சாப்பிட, தூங்க, டியூப் மாற்ற, சும்மா நிற்க ஏறக்குறைய 12¾ மணி நேரம் மிச்சம். இதே ஆள் 25 கி.மீ. வேகத்தில் போனால் மூன்றேகால் மணி நேரம் கூடுதலாக மிஞ்சும். நல்ல லாபம் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 22இலிருந்து 25க்குப் போக, காற்றுக்காக மட்டும் செலவாகும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதே மூன்று மணி நேரத்தை, கன்ட்ரோலில் காலை நீட்டி உட்கார்ந்து போனைப் பார்ப்பதைக் குறைத்தாலே சம்பாதித்துவிடலாம், அதுவும் இலவசமாக.

அதாவது இங்கே வேகம் பெரிய பிரச்சினை இல்லை. சுமாரான வேகத்தில் 27 மணி நேரம் பெடல் சுற்ற, உடம்பு எங்கிருந்து எரிபொருள் எடுக்கும் என்பதுதான் கேள்வி.

மாடித் தொட்டியும் கிணறும்

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் ஒரு தொட்டி. கொல்லையில் வற்றாத கிணறு. கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்ற ஒரு சின்ன மோட்டார். குழாயைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் வேகமாகக் கொட்டும், ஆனால் அளவு கொஞ்சம்தான். கிணற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது, ஆனால் மோட்டார் ஏற்றும் வேகத்துக்குத்தான் வரும்.

தொட்டி என்பது கிளைகோஜன். நாம் சாப்பிடும் சோறு, இட்லி, பழத்தின் மாவுச்சத்தை உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கும் வடிவம் அது. தசைகளில் 300 முதல் 500 கிராம், ஈரலில் சுமார் 100 கிராம். கிராமுக்கு 4 கலோரி என்று போட்டால், தளும்பத் தளும்ப இருந்தாலும் மொத்தம் 2,000 கலோரி சுமார். (கலோரி என்று நான் சொல்வது பிஸ்கட் பாக்கெட்டில் போட்டிருக்கும் அதே அலகு.)

கிணறு என்பது கொழுப்பு. 65 கிலோ எடையுள்ள, தொப்பை அதிகம் இல்லாத ஓர் ஆளிடம்கூட ஒன்பது, பத்து கிலோ கொழுப்பு இருக்கும். அது 70,000 கலோரிக்கு மேல்.

செலவு எவ்வளவு? நிதானமாக ஓட்டும் சாதாரண ஆளுக்கு மணிக்கு 400, 450 கலோரி ஆகும். 27 மணி நேரத்துக்கு 11,000, 12,000 கலோரி. தொட்டியில் இருப்பது 2,000. மிச்சம் கிணற்றிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து லாரித் தண்ணீர் வர வேண்டும். லாரித் தண்ணீர் என்பது வழியில் நீங்கள் சாப்பிடுவது.

இங்கே ஒரு பழைய தவறான நம்பிக்கையைக் கழித்துவிடலாம். "முதல் அரை மணி நேரம் சர்க்கரைதான் எரியும், அதற்கப்புறம்தான் கொழுப்பு எரிய ஆரம்பிக்கும்" என்று ஜிம்மில் சொல்வார்கள். அப்படி ஒரு சுவிட்ச் உடம்பில் இல்லை. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடத்திலும் இரண்டும் சேர்ந்துதான் எரிகின்றன. மாறுவது விகிதம். மெதுவாக மிதிக்கும்போது கொழுப்பின் பங்கு அதிகம். வேகம் கூடக்கூடத் தொட்டியின் பங்கு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் மோட்டாரால் அந்த வேகத்துக்கு ஏற்றித் தர முடியாது.

தொட்டி காலியானால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இதை 'பாங்க்' என்பார்கள். கால் கனக்கும், தலை சுற்றும், கை லேசாக நடுங்கும். நல்ல மனிதர் திடீரென்று பஞ்சர் ஒட்டும் பையன்மேல் எரிந்து விழுவார், அல்லது காரணமில்லாமல் கண்ணீர் விடுவார். ஈரலில் இருக்கும் இருப்பு குறைந்து ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது, மூளைக்குப் போக வேண்டிய பங்கு குறைகிறது. அந்த நேரத்தில் அவருக்குத் தேவை ஒரு டம்ளர் கரும்புச்சாறு. 'மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்ற உபதேசம் அவர் காதில் ஏறாது.

ஸ்டாக்ஹோமில் ஒரே சைக்கிளை மிதித்த இருவர்

தொட்டி பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி சுவீடனிலிருந்து வந்தது. யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1966இல் வெளியிட்ட பரிசோதனை அது. அவர்கள் வேறு ஆள் தேடவில்லை. ஓர் உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் இருவரும் இருந்துகொண்டு, ஒருவர் வலது காலாலும் மற்றவர் இடது காலாலும் மட்டும், இனி முடியாது என்கிற வரை மிதித்தார்கள். பிறகு தொடையில் ஊசியைச் செலுத்தித் துளித் தசையை எடுத்து அளந்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் ஏறக்குறையத் துடைத்துவிட்ட நிலை. ஓய்வாக இருந்த காலில் அப்படியே இருந்தது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, ஒரு தசையின் சேமிப்பு அடுத்த தசைக்குப் போகாது. தொட்டி வீட்டுக்கு ஒன்று என்று சொன்னேன் இல்லையா, சரியாகச் சொன்னால் ஒவ்வொரு அறைக்கும் தனித் தொட்டி. தோளிலும் கையிலும் இருப்பது தொடைக்கு உதவாது. ஈரலின் தொட்டி மட்டும்தான் பொது. ஆகவே 2,000 கலோரி என்று நாம் போட்ட கணக்கில் பெடலுக்கு உண்மையில் கிடைப்பது இன்னும் குறைவு.

இரண்டாவது செய்தி அடுத்த மூன்று நாளில் தெரிந்தது. இருவரும் மாவுச்சத்து நிறைந்த உணவாகச் சாப்பிட்டார்கள். காலியான கால் வெறுமனே நிரம்பவில்லை. ஓய்வாக இருந்த காலைவிடச் சுமார் இரண்டு மடங்கு கிளைகோஜனைச் சேர்த்துக்கொண்டது. காலி செய்து நிரப்பும் தசை தன் கொள்ளளவைக் கூட்டிக்கொள்கிறது. 'கார்ப் லோடிங்' என்று இன்று எல்லோரும் சொல்வதற்கு வேர் இதுதான்.

ஆனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் தொட்டி தொட்டிதான். 27 மணி நேரத்துக்கு அது காணாது. வேலை நடக்க வேண்டியது மோட்டாரில்.

மோட்டார் எப்படிப் பெரிதாகிறது

கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. ஆக்சிஜனை வைத்து எரிபொருளைச் சக்தியாக மாற்றும் வேலை, தசை செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகளில் நடக்கிறது. அதுதான் நம் மோட்டார். ரத்தம் ஆக்சிஜனைத் தசை வரை கொண்டுவரும் கடைசிச் சந்துகள் தந்துகிகள், மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள். அந்த ரத்தத்தைத் தள்ளுவது இதயம். இந்த மூன்றும் பயிற்சியால் வளரும், ஆனால் மூன்றுக்கும் ஒரே வேகம் இல்லை.

1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓட வைத்துப் பார்த்தார். ஓடிப் பழகிய எலிகளின் தசையில், மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அதுவரை பயிற்சி என்றால் இதயமும் நுரையீரலும் மட்டும்தான் பலப்படும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். தசையே உள்ளுக்குள் மாறுகிறது என்பது அன்றைக்குப் புதுச் செய்தி. மனிதர்களிலும் அந்தத் திசையில்தான் மாற்றம் நடக்கிறது என்று பின்னால் தெரிந்தது.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு முதலில் தெரியும் மாற்றம் ரத்தத்தில். ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளும். போன மாதம் மூச்சிரைத்த அதே மேம்பாலம் இப்போது சாதாரணமாக இருக்கிறதே என்று தோன்றுவது அதனால்தான். மைட்டோகாண்ட்ரியாவும் தந்துகிகளும் வாரங்கள், மாதங்கள் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மந்தம் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார். முதல் இரண்டு மாத உற்சாகத்தில் தூரத்தைத் தாறுமாறாக ஏற்றுகிறவர்களுக்கு முழங்கால் வலி வருவது இந்த வேக வித்தியாசத்தால்தான். மூச்சு 'போ போ' என்கிறது, முழங்கால் இன்னும் தயாராகவில்லை.

சுருக்கமாக: உடனே கிடைக்கும் எரிபொருள் கொஞ்சம். மெதுவாகக் கிடைக்கும் எரிபொருள் ஏராளம். மெதுவான வழியின் கொள்ளளவைக் கூட்டுவதற்குத்தான் மாதக்கணக்கில் பயிற்சி.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக?

மோட்டார் வளர வேண்டுமென்றால் மோட்டாரை ஓட விட வேண்டும், நீண்ட நேரம், அடிக்கடி. தினமும் குழாயை முழுக்கத் திறந்தால் அடுத்த நாள் கால் செத்துக் கிடக்கும், ஓட்டும் மணி நேரம் குறையும். 'ஜோன் 2' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்: மூச்சு வாங்க ஆரம்பிக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கும் உழைப்பு.

அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஓட்டிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியை, கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சுப் பிடிக்காமல் இயல்பாகச் சொல்ல முடிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். தெருப் பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும் நடுவில் ஒரு இழுப்பு தேவைப்பட்டால் அதிகம். சினிமாப் பாட்டே பாட முடிகிறதென்றால் கொஞ்சம் கூட்டலாம். கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு எண்ணை வைத்து ஓட்டுகிறவர்கள், '220இலிருந்து வயதைக் கழி' என்ற சூத்திரத்தை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அது கூட்டத்தின் சராசரி. தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகியிருப்பது சகஜம்.

வெயிலில் இந்தக் கணக்கு இன்னும் மாறும். ஏப்ரல், மே மாதத்தில் காலை 6 மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் 130 துடித்த இதயம், 11 மணிக்கு அதே 22க்கு 150 துடிக்கும். உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கு ரத்தம் போக வேண்டியிருக்கிறது. வியர்வையில் ரத்தத்தின் நீரும் குறைகிறது. அப்போது வேகத்தைக் குறைப்பதுதான் முறை. தொடர்ந்து பத்துப் பதினான்கு நாள் வெயிலில் மிதமாக ஓட்டினால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும், முன்னதாகவே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பும் குறையும்.

என் கண்ணில் படும் பெரிய பிரச்சினை குழுவாகப் போகும் ஞாயிற்றுக்கிழமை ரைடு. முதல் 10 கி.மீ. அரட்டை. அப்புறம் யாரோ ஒருவர் முன்னால் இழுப்பார், மற்றவர்கள் விட மாட்டார்கள், கடைசியில் 60 கி.மீ.யும் அரைப் பந்தயமாக முடியும். மெதுவாகப் போய் மோட்டாரை வளர்க்கவும் இல்லை, நிஜமாகவே வேகமாகப் போய் இதயத்தைப் பழக்கவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே கடினமாக ஓட்டுங்கள், நல்லதுதான். மற்ற நாட்களில் முன்னால் போகிறவர் போகட்டும், இட்லிக் கடையில் பிடித்துக்கொள்ளலாம்.

லாக்டிக் ஆசிட் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டித் தண்ணீரை வேகமாகச் செலவிடும்போது தசையில் லாக்டேட் என்ற பொருள் உண்டாகிறது. அது விஷமோ கழிவோ இல்லை. இதயமும் நிதான வேலைத் தசைகளும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ஓட்டி முடித்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை தொடை வலிப்பதற்குக் காரணம் தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் வேலையும். லாக்டிக் ஆசிட்டை எடுக்க என்று மசாஜுக்குப் போகிறவர்கள் சுகமாக இருக்கிறது என்பதற்காகப் போகலாம்.

லாரித் தண்ணீர்: சாப்பிடவும் பழக வேண்டும்

நீண்ட தூரத்தில் தோற்பது பெரும்பாலும் வயிறு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். அதற்கு மேலே ஒரு கடலை மிட்டாய், அல்லது சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். வெறும் குளுக்கோஸை மட்டும் எடுத்தால் குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்கு மேல் உறிஞ்சுவது கடினம். பழச் சர்க்கரைக்குக் குடலில் வேறு வழி இருக்கிறது. வாழைப்பழத்திலும் சாதாரணச் சர்க்கரையிலும் இரண்டும் கலந்திருப்பதால் அவை நன்றாக வேலை செய்கின்றன.

பசி வந்த பிறகு சாப்பிடலாம் என்றிருந்தால் தாமதம். முதல் மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். அதே சமயம், மிதித்துக்கொண்டே செரிப்பது குடலுக்குப் புது வேலை. ரத்தமெல்லாம் காலுக்கும் தோலுக்கும் போயிருக்கும். அதனால் பயிற்சி ரைடுகளிலேயே, பிஆர்எம் நாளில் சாப்பிடப்போவதைச் சாப்பிட்டுப் பழக வேண்டும். இட்லி, தயிர் சாதம் ஊறுகாய், வாழைப்பழம் எல்லாம் பெரும்பாலானோருக்கு ஒத்துப்போகும். எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டு நகரவே நேரமாகும். நள்ளிரவில் ஹைவே ஓரம் பரோட்டா கொத்தும் சத்தம் காதில் விழும்போது இது நினைவுக்கு வராது என்பது வேறு விஷயம்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். குறைவாகக் குடித்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். உப்பில்லாத வெறும் தண்ணீரைத் தாகத்துக்கு மிஞ்சி லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். இதற்கு ஹைபோநாட்ரீமியா என்று பெயர். தலைவலி, வாந்தி, குழப்பம், கடுமையாகப் போனால் உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், உப்பு சேருங்கள். நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். திரும்பி வரும்போது எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். ஓஆர்எஸ் கலந்துகொள்வது நல்ல வழி, ஆனால் அதைச் சாப்பாடாகக் கணக்கு வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், ஒரு வாழைப்பழத்தில் இருக்கும் மாவுச்சத்தில் பாதி.

காலுக்குச் சம்பந்தமில்லாத வலிகள்

அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா பந்தயம் சுமார் 4,800 கி.மீ. தனியாக ஓட்டுகிறவர்களுக்குப் பன்னிரண்டு நாள் கெடு. 2017இல் லெப்டினன்ட் கர்னல் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் அதைத் தனியாக முடித்த முதல் இந்தியர் ஆனார். அந்தப் பந்தயத்தில் கழுத்துத் தசை சோர்ந்துபோய்த் தலையை நிமிர்த்தவே முடியாமல் போகும் ஒரு நிலை வரும். 1983இல் அதற்கு ஆளான மைக்கேல் ஷெர்மர் பெயரால் அதை 'ஷெர்மர் கழுத்து' என்கிறார்கள். கால் நன்றாக இருக்கும், சாலையைப் பார்க்கத் தலை நிற்காது.

600 கி.மீ.யில் அந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால் உடம்பு சைக்கிளைத் தொடும் மூன்று இடங்களும், அதாவது சீட், ஹேண்டில்பார், பெடல், உங்களைச் சோதிக்கும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பு அழுந்தினால் இரண்டு விரல் மரத்துப்போகும். கையை அடிக்கடி இடம் மாற்றுவதும், முதுகையும் வயிற்றையும் பலப்படுத்திக் கையில் விழும் பாரத்தைக் குறைப்பதும்தான் வைத்தியம். சீட்டில் உராய்வும் வியர்வையும் சேர்ந்து தோல் கிழிந்தால் மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல் போடுவது, வாசலின் தடவுவது, நீண்ட ரைடில் நடுவில் மாற்றுத் துணி. வெட்கப்பட்டு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. கழுத்தும் கையும் இடுப்பும் பழகக் குறுக்கு வழியே கிடையாது, நீண்ட நேரம் சீட்டில் இருந்துதான் ஆக வேண்டும்.

இரவு

அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பின் உள்கடிகாரம் அடிமட்டத்துக்கு இறங்கும். உடல் வெப்பம் குறையும், கண் செருகும், முடிவெடுக்கும் புத்தி மழுங்கும். கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மூளை தூங்கிவிடுவதை மைக்ரோஸ்லீப் என்பார்கள். லாரிகள் போகும் நெடுஞ்சாலையில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. தூக்கத்தை அடக்கப் பயிற்சி செய்து பழகலாம் என்பது பொய். இருட்டில் ஓட்டப் பழகலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று அறியப் பழகலாம், அவ்வளவே.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காலை 6 மணிக்குத் தொடக்கம். 22 கி.மீ. வேகத்தில் 380 கி.மீ. ஓட்ட 17¼ மணி நேரம், வழியில் நிறுத்தங்களுக்கு மூன்று மணி நேரம். அதிகாலை 2¼க்கு லாட்ஜ் கதவைத் தட்டுவீர்கள். நான்கு மணி நேரம் படுத்துவிட்டு 6¼க்குக் கிளம்பலாம். மிச்சம் 220 கி.மீ.க்குப் பத்து மணி நேரம், நிறுத்தங்களுக்கு இரண்டரை. மாலை 6¾. கெடு இரவு 10 மணி. மூன்றேகால் மணி நேரம் கையில் இருக்கிறது, எதிர்க்காற்றுக்கும் பஞ்சருக்கும். உடம்பின் அடிமட்ட நேரத்தில் நீங்கள் சாலையிலேயே இல்லை என்பதுதான் இந்தத் திட்டத்தின் அழகு. நடுவில் எங்காவது கண் செருகினால் யோசிக்காமல் நிறுத்தி இருபது நிமிடம் பஸ் ஸ்டாப் பெஞ்சில் படுத்து எழுங்கள். காபி குடித்தவுடன் படுத்தால் இன்னும் நல்லது, எழும்போது அது வேலை செய்ய ஆரம்பித்திருக்கும்.

மாதக் கணக்கில் எப்படி அடுக்குவது

இப்போது 50 கி.மீ. ஓட்டுகிற ஒருவருக்கு 600 வரை வர ஏழெட்டு மாதம் நியாயமான அவகாசம். முதல் இரண்டு மாதம் வார நாட்களில் மூன்று முறை ஒரு மணி நேரம், ஞாயிறு ஒரு நீண்ட ரைடு, அதை 60இலிருந்து மெல்ல 110, 120 வரை கொண்டுவருவது. மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் பாதியாகக் குறைப்பது. உடம்பு வளர்வது ஓய்வில்தான், ஓட்டும்போது நடப்பது சேதாரம் மட்டும். அப்புறம் முதல் 200.

அதற்குப் பின் சனி 120, ஞாயிறு 80 என்று அடுத்தடுத்த நாள் ஓட்டுவது நல்ல உத்தி. ஞாயிறு காலை பாதி காலியான தொட்டியோடு கிளம்புவதால், 200 கி.மீ.க்கு மேல் கால் எப்படி இருக்கும் என்பது வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். 300, 400, 600 ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான்கைந்து வாரம் விடுங்கள். சென்னைக்காரர்களுக்கு ஈசிஆரில் புதுச்சேரி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 300 கி.மீ. மதியத்துக்கு மேல் கடல்காற்று வேறு இலவசமாகப் பாடம் நடத்தும். 600ஐ ஒத்திகை பார்க்க 600 ஓட்டத் தேவையில்லை. 400ஐ ஒழுங்காக முடித்தவர், தூக்கத்தைத் திட்டமிட்டால், 600க்கு வேண்டியதை ஏற்கெனவே வைத்திருக்கிறார். நாற்பது வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் மாரடைப்பு வந்தவர்கள் இருப்பவர்களும் முதல் 200க்கு முன்னாலேயே டாக்டரிடம் இதயத்தைக் காட்டிவிடுங்கள். ஓட்டும்போது நெஞ்சில் அழுத்தம் வந்தால் அது பயிற்சியின் பகுதி இல்லை, அங்கேயே நிறுத்த வேண்டும்.

கடைசிப் பத்து நாள் தூரத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுங்கள். புதிதாக மைட்டோகாண்ட்ரியா சேர்க்க இனி நேரமில்லை, இருப்பதைப் புதுப்பிக்க மட்டும்தான் நேரம். கடைசி இரண்டு மூன்று நாள் சோறும் இட்லியும் சற்றுத் தாராளமாக, தூக்கம் இன்னும் தாராளமாக. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தசையில் சேரும் என்பதால், எடை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடிக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து வெள்ளிக்கிழமை காலையில் 'சும்மா ஒரு 80 கி.மீ.' போய்விட்டு வராதீர்கள். கூடியிருப்பது தொட்டியில் நிரம்பிய தண்ணீர்தான்.